பன்னிரண்டு நொடி

செப்டம்பர் 6

அன்பு அக்காவுக்கு,

நான் நலம், தொண்டை நலம். உன் கைகள் நலமா?

அப்பா மறைந்து ஐந்தாண்டாகியும் நம் வீட்டில் நலம் கேட்கும் முறை மாறவில்லை. ஆலை வாயில்களில் தொழிலாளருக்காகப் பேசிப் பேசிப் புண்ணாக்கிக்கொண்ட தொண்டையைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் அவர் அடுத்த வரிக்கே போவார். மேடையேறும் பிள்ளைக்குத் தொண்டை, மேசையில் உழைக்கும் பிள்ளைக்குக் கை என்று நமக்குப் பங்கு பிரித்தவரும் அவரே. கொச்சையாக எழுதினால் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவாரே, அந்த அச்சம் இன்னும் என் விரல்களில் இருக்கிறது. உன் தொழிலாளர் விடுதிக்காரர்கள் கைபேசியை வாசலிலேயே வாங்கிப் பூட்டும்வரை நமக்குத் தாளும் மையும்தான் துணை.

செய்திக்கு வருகிறேன். கல்லூரியில் தொழில்முனைவுப் போட்டி அறிவித்திருக்கிறார்கள். புதிய கருவி ஒன்றைச் செய்து, முதலீட்டாளர் முன் நின்று, உலகம் அதை ஏன் வாங்க வேண்டும் என்று ஏழு நிமிடம் பேச வேண்டும். கரும்பு தின்னக் கூலியா என்று எழுந்தேன். மருத்துவமனை அழுக்குத் துணிக்குள் மறைந்து வரும் ஊசியைக் கண்டுபிடிக்கும் கருவி என்றேன். புத்தாக்க மையத்துப் பேராசிரியர் சிரித்தார். "அழுக்குத் துணிக்கு எவன்ப்பா முதல் போடுவான்? சாப்பாடு கொண்டு போய்க் குடுக்கிற மாதிரி ஏதாச்சும் யோசி." வகுப்பே சேர்ந்து சிரித்தது.

என் காது சுட்டது, அக்கா. இவர்கள் நோயுற்றுப் படுத்த விரிப்பை எந்தக் கை பிரித்தது என்று இவர்களுள் ஒருவராவது ஒரு நாளாவது எண்ணியதுண்டா? வெளுப்பில் படுக்கத் தெரிந்தவர்களுக்கு அழுக்கைத் தொட்டவளின் முகம் தெரியாது! செய்து காட்டுகிறேன். உன் மேசையில் வேலை எப்படி நடக்கிறது, ஒன்று விடாமல் எழுது.

உன் தம்பி,
ஒலிபெருக்கி

*

செப்டம்பர் 20

அன்புத் தம்பி ஒலிபெருக்கிக்கு,

கைகள் நலம். உன் தொண்டையும் நலமாக, கொஞ்சம் அடக்கமாகவும், இருக்கட்டும்.

சிரித்தவர்களை விடு. கேட்டதை எழுதுகிறேன். மருத்துவமனையின் அடித்தளத்தில் எங்கள் பிரிப்பறை. இருபத்திரண்டு பெண்கள், பதினொரு தகர மேசைகள், மேசைக்கு இருவர். நோயாளர் கூடங்களிலிருந்தும் அறுவை அறையிலிருந்தும் விரிப்புகளை மூட்டையாகக் கட்டிச் சரிவுக்குழாயில் தள்ளிவிடுவார்கள். அவசரத்தில் விட்ட ஊசியும் கத்திமுனையும் அதற்குள்ளேயே வரும். எங்கள் கையுறை வெங்காயத் தோலின் தடிமன்தான்.

எங்களைக் காப்பது கையுறையன்று, மூன்று தட்டு. மூட்டையைத் தகரத்தின்மேல் வைத்து, தட்டையான மரக்கட்டையால் தலையில் ஒன்று, நடுவில் ஒன்று, காலில் ஒன்று. குனிந்து காது கொடுப்போம். ஊசி இருந்தால் தகரத்தில் 'கிணுக்' என்று தன்னைக் காட்டிக்கொடுக்கும். அதன்பிறகே முடிச்சை அவிழ்ப்போம். இதை எனக்குக் கற்றுத் தந்தவள் பக்கத்து மேசைப் பெரியக்கா. "தட்டாம தெறந்தா, தலையெழுத்தத் தெறந்த மாதிரி" என்பாள்.

பன்னிரண்டு எண்ணும் நேரம் ஆகும். மணிக்கு முப்பத்தைந்து மூட்டை என்பது கட்டளை. அந்தக் கணக்கில் இந்தப் பன்னிரண்டுக்கு இடமில்லை. தண்ணீர் குடிக்கும் நேரத்திலிருந்து நாங்கள் அதைத் திருடுகிறோம். மேற்பார்வையாளன் (எங்கள் வாயில் அவன் பெயர் 'கடிகாரம்') கண்ணாடி அறைக்குள் இருக்கிறான். இயந்திர இரைச்சலில் அவனுக்குத் தட்டு கேட்காது. கேட்டால் அன்றே நிறுத்துவான். ஆகவே இது உனக்கு மட்டும். வெளியில் போக வேண்டாம்.

உன் அக்கா,
குருவி

*

அக்டோபர் 14

அன்பு அக்காவுக்கு,

தொண்டை நலம். கைகள் நலமா?

கருவி பிறந்துவிட்டது! மேசைமேல் விரிக்கத்தக்க தட்டையான பலகை. மூட்டையை வைத்தவுடன் உள்ளே இரும்பு இருந்தால் 'கீச்' என்று கத்தும். கத்தும் ஒலியைக் கேட்ட விடுதித் தோழன் "என்னடா குருவி வளர்க்கிறியா?" என்றான். அதையே பெயராக வைத்துவிட்டேன். சிறுவயதில் நீ சீழ்க்கையடித்து என்னை எழுப்புவதும் அதே ஒலிதானே.

முதற்சுற்றில் நூறு மூட்டை வைத்துக் காட்டினேன். தொண்ணூற்றேழில் பொய்க்கவில்லை. நடுவர் மூவரும் தலையாட்டினார்கள். பிறகு நடுவிலிருந்த முதலீட்டாளர் கேட்டார்: "எல்லாம் சரி தம்பி. இதை வாங்கப் போறது யாரு? கை யாரோடதோ அவங்களா? அவங்க கையில ஏது காசு?" குத்துப்பட்ட கைக்கு இந்த உலகில் விலை இல்லையாம். காணாமற்போகும் விரிப்பைக் கண்டுபிடித்தால் மருத்துவமனை காசு தருமாம்! இந்த நெறிகெட்ட கணக்கை எந்தப் பள்ளியில் படித்தார்கள்?

அடுத்த சுற்றுக்கு எடுத்துக்கொண்டார்கள். பேராசிரியர் உடனிருந்து சீர்செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

உன் தம்பி

*

அக்டோபர் 27

அன்புத் தம்பிக்கு,

கைகள் நலம், இன்று கொஞ்சம் பெருமையாலும் வீங்கியிருக்கின்றன.

உன் கடிதத்தை உணவு இடைவேளையில் படித்துக் காட்டினேன். பெரியக்கா முழுவதும் கேட்டுவிட்டு, "கத்துறது சரி, ஒம் பேரையும் வெச்சிருக்கான், சாப்பாட்டு நேரத்துல வாய மூடுமா?" என்றாள். இருபத்திரண்டு பேரும் சிரித்தோம். பலகை வரும் நாளில் மரக்கட்டையை அடுப்பில் போடுவதாக ஒருத்தி சூளுரைத்திருக்கிறாள்.

ஒன்று மட்டும். ஆலைக்காரர்கள் அப்பாவைத் தேநீருக்கு அழைத்து, அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டுப் பேசுங்கள் என்றார்களே, நினைவிருக்கிறதா? அவர் தேநீரைக் குடித்துவிட்டு, மேடையேறி, அந்த வரியை இரண்டு முறை சொன்னார். கேட்பவன் முகம் பார்த்துப் பேச்சை மாற்றாதே.

உன் அக்கா

*

நவம்பர் 29

அன்பு அக்காவுக்கு,

நலம். நலமா?

பதில் தாழ்ந்ததற்குப் பொறுத்துக்கொள். வேலை கழுத்தளவு. இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகிவிட்டேன். எண்பது அணிகளில் ஐந்தே மிஞ்சின.

கருவியில் சில மாற்றங்கள் செய்திருக்கிறோம். பலகைக்கு மேலாக ஒரு கேமராவும் சேர்ந்திருக்கிறது. வேலையின் ஒழுங்கை அது பார்த்துக்கொள்ளும். பேராசிரியர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது: "முதல்ல உள்ள நுழையணும்ப்பா. நுழைஞ்ச பிறகு உன் ஊசிய வெச்சுக்கோ." கதவு திறந்தால்தானே உள்ளே போய்ப் பேச முடியும்?

தேர்வும் நெருங்குகிறது. விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

உன் தம்பி

*

திசம்பர் 7

அன்புத் தம்பிக்கு,

கைகள் நலம். தொண்டை எப்படி என்று நீ எழுத மறந்திருக்கிறாய்.

உன் கடிதத்தை மும்முறை படித்தேன். கேமரா இருக்கிறது, ஒழுங்கு இருக்கிறது, கதவு இருக்கிறது. ஊசி எங்கே? பலகை இன்னும் கத்துகிறதா, கத்தவில்லையா? கேமரா எதைப் பார்க்கிறது: மூட்டையையா, எங்களையா? ஒவ்வொன்றுக்கும் ஒற்றைச் சொல்லில் விடை எழுதினால் போதும். வளைத்து வளைத்து எழுதுவது உனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

உன் அக்கா

*

சனவரி 11

அன்பு அக்காவுக்கு,

வென்றுவிட்டோம்! அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அப்பா இருந்திருந்தால் என்று ஒரு கணம் கண் கலங்கியது. முதலீட்டாளர் மேடையிலேயே கைகுலுக்கி, "பசங்கன்னா இப்படி இருக்கணும்" என்றார். பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில் இம்மாதமே சோதனைக்கு வைக்கிறார்கள். எந்த மருத்துவமனை என்று ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை சொல்லமாட்டார்களாம்.

உன் கேள்விகளுக்கு நேரில் விடை சொல்கிறேன். தாளில் சொன்னால் தவறாகப் படும். விடுமுறைக்கு வருகிறேன். எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

உன் தம்பி,
ஒலிபெருக்கி

*

சனவரி 30

தம்பிக்கு,

நலம்.

எழுத்து கோணலாயிருக்கும், பொறுத்துக்கொள்.

இரு வாரத்துக்கு முன்பு எங்கள் பதினொரு மேசைக்கு மேலும் பதினொரு கேமராக்கள் வந்து இறங்கின. பலகை எதுவும் வரவில்லை. சுவரில் ஒரு திரை. ஒவ்வொருத்தியின் எண்ணுக்கும் நேராக, கை 'சும்மா' இருந்த நொடிகள். குறைந்தால் பச்சை, கூடினால் சிவப்பு. திரையின் நெற்றியில் பெரிய எழுத்தில் ஒரு பெயர்: குருவி.

நான் நின்றேன். பெரியக்கா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவள் என்னை அறைந்திருக்கலாம்.

கடிகாரம் கண்ணாடி அறையைவிட்டு வெளியே வந்து அறிவிப்பைப் படித்தான். "மூட்டைக்குப் பன்னெண்டு செகண்டு தட்டிக்கிட்டே நிக்கிறீங்களாமே? மெஷின் செஞ்சவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க. இனிமே தட்டு கிடையாது."

பன்னிரண்டு. ஏழாண்டு அவன் கண்ணுக்குத் தப்பிய எண். இருபத்திரண்டு பெண்கள் தாகத்தை விலையாகக் கொடுத்துக் காத்த எண். அது இவ்வறையைவிட்டு வெளியே போனது ஒரே ஒரு முறை. செப்டம்பர் இருபதாம் நாள், என் கையெழுத்தில், அஞ்சல்தலை ஒட்டி, நானே பெட்டியில் போட்டேன்.

வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்பார்கள். இந்த வாய்க்காலை வெட்டியவன் வல்லானில்லை. என் வீட்டுச் சோற்றை உண்டு வளர்ந்தவன். பகைவன் உளவு பார்த்தான் என்றால் வேலி போடலாம். உடன்பிறந்தவன் கடிதம் கேட்டால் எந்த வேலியைப் போடுவது?

நீ வர வேண்டாம்.

*

பிப்ரவரி 5

அக்காவுக்கு,

எனக்குத் தெரியாது என்று எழுதத் தொடங்கி நான்கு தாள் கிழித்தேன். எந்த மருத்துவமனை என்பதுதான் எனக்குத் தெரியாது, மற்றதெல்லாம் தெரியும். ஏதோ ஒரு கூடத்தில் ஏதோ இருபது பெண்கள் என்றால் எனக்கு உறுத்தாமல் இருந்திருக்கிறது. அது உன் கூடம் என்றவுடன்தான் உறுத்துகிறது. இதைவிடக் கீழ்மை உண்டா?

நடந்ததைச் சொல்கிறேன். பலகைக்குச் செலவு கூடுதல், கேமராவுக்குக் குறைவு என்றார்கள். எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்று காட்ட ஓர் எண் வேண்டும் என்றார்கள். என்னிடம் இருந்த ஒரே எண் உன்னுடையது. அதைத் திரையில் சிவப்பில் போட்டு, 'வீணாகும் நேரம்' என்று தலைப்பிட்டேன். அரங்கம் கைதட்டியது அந்த இடத்தில்தான்.

இப்போது உன் கடிதம் என் முன் கிடக்கிறது. எழுத்துகள் இடப்புறம் சாய்ந்திருக்கின்றன. என்னைச் சிரிக்கவைக்க நீ இடக்கையால் எழுதிக் காட்டும் எழுத்து இப்படித்தான் சாயும். 'நலம்' என்று மட்டும் எழுதியிருக்கிறாய். பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். ஏழாண்டில் ஒரு கடிதத்திலும் நீ 'கைகள்' என்ற சொல்லை விட்டதில்லை.

அக்கா, உன் கைகள் நலமா?

*

பிப்ரவரி 17

தம்பி,

நான் பெரியக்கா, பக்கத்து மேசை. ஒன் லெட்டரு வந்து பத்து நாளாச்சு. அவ படிச்சா, மடிச்சா, தலைமாட்டுல வெச்சா. எழுத மாட்டேங்குறா. அதான் நான் எழுதுறேன். பேசுற மாதிரிதான் எனக்கு எழுத வரும். செவப்பு மையில திருத்தி அனுப்பாத.

தட்டக்கூடாதுன்னுட்டாங்க. தட்டாமத் தெறந்தோம். போன மாசம் இருவத்தெட்டாந்தேதி, அறுவை அறை மூட்டை. அவ வலது கை, கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல ஊசி ஏறி மறுபக்கம் எட்டிப் பாத்துச்சு. யாரு ஒடம்புல இருந்து வந்த ஊசின்னு யாருக்கும் தெரியல. இருவத்தெட்டு நாளு மாத்திரை. தின்னா வாந்தி, தின்னலன்னா பயம். ஒன்றரை மாசத்துல ஒரு ரத்தச் சோதனை, மூணு மாசத்துல இன்னொண்ணு. அது வரைக்கும் எங்க சோத்துத் தட்டத் தொடமாட்டேங்குறா, தனியா ஒக்காந்து சாப்புடுறா. பதிவேட்டுல கடிகாரம் என்ன எழுதுனான் தெரியுமா? 'தொழிலாளியின் கவனக்குறைவு.'

ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. அன்னிக்குச் சாயங்காலம் ஒன் மெஷின் அவ நம்பருக்கு நேரா என்ன காட்டுச்சுன்னா, பச்ச. அந்த வாரத்துலயே அன்னிக்குத்தான் நல்ல பச்ச.

நல்லாப் படி. நல்லா இரு.

*

மார்ச்சு 12

அக்காவுக்கு,

நீ விடை எழுத வேண்டாம். படித்தால் போதும்.

நேற்று முதலீட்டாளர் கூட்டம். கருவியை மேலும் எட்டு மருத்துவமனைகளுக்கு விற்க, அவற்றின் நிர்வாகிகளை வரவழைத்திருந்தார்கள். உன் மருத்துவமனையின் நிர்வாகியும் முன்வரிசையில் இருந்தார். உரிமையை நிறுவனத்துக்கு எழுதித் தரும் தாள் மேசைமேல் தயாராக இருந்தது. என் பேச்சுக்கு ஏழு நிமிடம்.

நான் பேசவில்லை. ஒரு தகர மேசையைத் தள்ளிக்கொண்டு வந்தேன். மேலே கேமரா, பின்னால் திரை. கட்டிய விரிப்பு மூட்டை ஒன்றை மேசையில் வைத்து, முதலீட்டாளரை மேடைக்கு அழைத்தேன். "இதுக்குள்ள ஒரு ஊசி இருக்கு சார். எங்க இருக்குன்னு எனக்கும் தெரியாது. உங்க நம்பர் ஓட ஆரம்பிச்சாச்சு. பிரிங்க" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு மூட்டையைப் பார்த்தார். முடிச்சருகே கை போனது, திரும்பியது. நான்கு, ஐந்து, ஆறு. அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார், அக்கா. எடுத்து மூட்டையைத் தட்டினார். தலையில் ஒன்று, நடுவில் ஒன்று. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை அவருக்கு!

"பன்னெண்டு செகண்டு ஆச்சு சார். திரையைப் பாருங்க, நீங்க சிவப்பு" என்றேன். "என் அக்கா தட்டல. அன்னிக்கு அவங்க பச்சை."

அப்போதுதான் என் குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. காசு கொடுப்பவன் கைக்குப் பேனா, மூட்டை பிரிப்பவள் கைக்குத் தடையா என்று கேட்டேன். அந்தப் பன்னிரண்டு நொடியை வீண் என்று எழுதிய கை இதுதான் என்று என் கையைத் தூக்கிக் காட்டினேன். தாளில் கையெழுத்திடவில்லை.

பேராசிரியர் வெளியே வந்து, "உன் வாழ்க்கையில நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டே" என்றார். மையத்திலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். பரிசையும் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். உன் நிர்வாகி எழுந்து போனார். உன் கூடத்தில் கேமரா இன்னும் தொங்குகிறதா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. நான் ஒன்றையும் சரிசெய்துவிடவில்லை. இதை வெற்றி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

தொண்டை நலமில்லை. நலமாக இருக்க அதற்கு உரிமையும் இல்லை.

உன் தம்பி

*

மே 2

தம்பிக்கு,

இது வலக்கையால் எழுதுவது.

உன் மார்ச்சுக் கடிதத்தை நான் படிக்கவில்லை. பெரியக்கா பறித்துப் படித்தாள், மேசைமேல் ஏறி நின்று, எல்லோருக்கும் கேட்க. பேனாவால் தட்டிய இடத்தை மீண்டும் படிக்கச் சொன்னார்கள். மறுநாள் காலை அவள்தான் முதலில் கட்டையை எடுத்தாள். அப்புறம் எதிர்மேசை. அப்புறம் பதினொரு மேசையும். ஒளித்துத் தட்டவில்லை, கண்ணாடி அறைக்குக் கேட்கத் தட்டினோம். திரை முழுவதும் சிவப்பு. கடிகாரம் ஓடி வந்தான். "எல்லாரும் சிவப்புன்னா யாரைம்மா நான் கேக்குறது?" என்றான். "அதான் கேக்காத" என்றாள் பெரியக்கா. ஐந்து நாள் இழுத்தார்கள். ஆறாம் நாள் நிர்வாகி இறங்கி வந்தார். அந்த வாரமே பழுதுபார்க்க என்று சொல்லிக் கேமராக்களைக் கழற்றினார்கள், இன்னும் கொண்டுவரவில்லை. தவறு என்று ஒருவரும் சொல்லவில்லை. 'கவனக்குறைவு' என்ற சொல்லைப் பதிவேட்டிலிருந்து அடிக்கும்வரை நான் விடப்போவதில்லை.

உன்னை மன்னித்தேனா என்று உன் கடிதம் கேட்கவில்லை. நல்லதாயிற்று, விடை என்னிடம் இல்லை. அந்தப் பலகை கிடக்கிறதா? தொண்ணூற்றேழு போதாது. மிச்சம் மூன்றையும் சரிசெய்து எடுத்துக்கொண்டு வா. பெயரை மட்டும் சுரண்டிவிடு. அது என்னுடையது, எனக்கு வேண்டும்.

இன்னொன்று. பிப்ரவரியில் நீ என் கைகள் நலமா என்று கேட்டாய். ஏழாண்டாக அதையே கேட்கிறாய். என் பக்கத்தில் நிற்பவளின் கையை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்த எண்ணைத் திரையில் எழுத உனக்குக் கை வந்திருக்காது. அப்பா ஆலைவாயிலில் நின்று தம் வீட்டுக்காக மட்டுமா கத்தினார்?

இனி நம் வீட்டு முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வோம். மூன்றாம் மாதச் சோதனை முடிவு நேற்று வந்தது. இன்று பகல், எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

நாற்பத்து நான்கு கைகளும் நலம்.

குருவி